மீன்களின் நீச்சல் இயக்கம்

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதைப் பின்னே தள்ளியே மீன் முன்னேறுகிறது. உடலின் இருபக்கத் தசைகளும் மாறிமாறிச் சுருங்கும்போது தலையிலிருந்து வாலுக்கு ஓர் அலை ஓடும். அது மீனின் வேகத்தை விஞ்சிப் பின்செல்வதால் உந்துவிசை பிறக்கிறது. 1933இல் கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் கிரே இதைப் படம்பிடித்து விளக்கினார்.

அச்சுவேலியை அடுத்துள்ள தொண்டைமானாற்று நீரேரியும் அது கலக்கும் கடலும் சார்ந்த யாழ்ப்பாணக் கரையோர மீன்களிடம் இந்த அலையியக்கத்தின் வேறுபாடுகள் தெளிவாகத் தெரியும். விலாங்கு முழு உடலையும் நெளிக்கும். பாரை முன்னுடலை விறைப்பாக வைத்து வாலை வீசும். நெடுந்தூர விரைவுக்கு அது ஏற்றது. எல்லாவற்றிலும் நேர்த்தியானது திருக்கை: உடல் அசையாமல், அகன்ற மார்புத்துடுப்புகளில் அலையெழுப்பி மணலோடு ஒட்டிச் செல்லும். மீன்களுக்கு மாறாக, மன்னார்க் கடலின் கடற்பசு பாலூட்டி என்பதால் வாலை மேலும் கீழுமாக அடிக்கிறது. நிலத்தில் நடந்த மூதாதையரின் முதுகெலும்பு வளைந்த திசை அதுவே.