32 பூட்டிய அறைகள்

பெய்ஜிங்–ஷாங்காய் குவாண்டம் தடத்தை 2017 செப்டம்பரில் சீனா திறந்தபோது, 'ஒட்டுக்கேட்கவே முடியாது'ன்னு பத்திரிகைகள் எழுதின. அதில் போவது செய்தி அல்ல, செய்தியைப் பூட்டும் சாவி. நடுவில் யாராவது ஒளித்துகளை அளந்தால் அதன் நிலை கலைந்து திருட்டு அம்பலமாகும். 1984-ல் பென்னட்டும் பிராஸார்டும் போட்ட கணக்கு அது.

சரி, ஆனால் கண்ணாடி இழையில் 100 கி.மீ. கடப்பதற்குள் நூற்றில் ஒரு துகள்தான் மிஞ்சும். நகலெடுத்துப் பெருக்கவும் குவாண்டம் விதி விடாது. அதனால்தான் 2,000 கி.மீ. தடத்தில் 32 நிலையங்கள். இடையிலுள்ள ஒவ்வொன்றிலும் சாவி சாதாரண எண்ணாக வெளியே வந்து, மறுபடி பூட்டப்பட்டு அடுத்த துண்டுக்குப் போகிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அறைக்குள் இருக்கும் ஆளை நம்பித்தானே ஆகணும்? 'நம்பகமான நிலையம்' என்று பெயர் வேறு!

மிசியஸ் செயற்கைக்கோளும் முதலில் இப்படித்தான். 2020-ல் பிணைந்த ஒளித்துகள்களை 1,120 கி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு தரைநிலையங்களுக்கு அனுப்பி, செயற்கைக்கோளை நம்பாமலே சாவி உருவாக்கினார்கள். வேகம், விநாடிக்கு 0.12 பிட்.