குருத்தும் ஞெகிழியும்

'ஸ்டெம் செல்' என்பதற்குக் குருத்தணு என்று தமிழில் பெயரிட்டவர் யாராயினும் நல்ல சொல்லுணர்வு உடையவர். பனைக்கும் தென்னைக்கும் உயிர்நிலை உச்சிக் குருத்தே. ஓலைகள் உதிரலாம், குருத்து நின்றால் மரம் நிற்கும். உடலிலும் அவ்வாறே, தன்னை ஒத்ததையும் தன்னின் வேறானதையும் தோற்றுவிக்கவல்ல அணுக்கள் சில உள்ளன. 1961இல் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் ஆகிய இருவரும் சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையில் இவற்றின் இருப்பைச் சோதனைவழி காட்டினர். பின்னர் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை குருதிப் புற்றுநோயாளர் பலரைக் காத்தது. சிதைந்த நுரையீரலையும் இவ்வழியில் மீட்கலாகாதா என்ற வினா எழுந்தது இயல்பே.

ஆனால் நுரையீரல் குருதியைப் போன்றதன்று. அது ஒரு கட்டடம். கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள், மிக மெல்லிய சுவர்கள், அவற்றைச் சூழ்ந்த குருதி நுண்குழாய்கள் என்று அமைந்தது. அணுவை மட்டும் செலுத்தினால் கட்டடம் எழாது; சாரமும் வேண்டும். ஆகவே சில மருத்துவர் எளிய பகுதியிலிருந்து தொடங்கினர். அதுவே மூச்சுக்குழல்.

2008இல் பார்சிலோனாவில், காசநோயால் இடது மூச்சுக்கிளை சிதைந்த ஒரு பெண்ணுக்கு, இறந்தவர் ஒருவரின் மூச்சுக்குழல் பொருத்தப்பட்டது. அதன் அணுக்களை நீக்கி, பெண்ணின் சொந்த அணுக்களை அதன்மேல் வளர்த்திருந்தனர். அறுவை செய்தவர் பாவ்லோ மக்கியாரினி. 'லான்செட்' இதழ் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. பின்னாளில் அப்பெண்ணின் இடது நுரையீரலையே அகற்ற நேர்ந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

2010இல் மக்கியாரினி சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இணைந்தார். மருத்துவ நோபல் பரிசுக்கு உரியவரைத் தெரிவு செய்யும் அதே நிறுவனம். 2011 ஜூனில், எரித்திரிய நாட்டவர் ஒருவருக்கு ஞெகிழியால் வார்த்த மூச்சுக்குழலை, மஜ்ஜை அணுக்களில் ஊறவைத்துப் பொருத்தினார். ஸ்டாக்ஹோமில் மூவருக்கு இவ்வறுவை நடந்தது. ஞெகிழியில் குருத்து விடவில்லை. 2012, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் ஒருவர்பின் ஒருவராக மூவரும் இறந்தனர். விலங்குகளில் முறையாகச் சோதிக்காமலும், உரிய அறநெறி ஒப்புதல் பெறாமலும் மனிதரிடம் செய்யப்பட்ட முயற்சி அது எனப் பின்னர் வெளிப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் 2014. அதே மருத்துவமனையைச் சேர்ந்த நான்கு மருத்துவர்கள், நோயாளரின் குறிப்புகளையும் அச்சேறிய கட்டுரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். கட்டுரையில் நலமாக இருந்தவர் மருத்துவக் குறிப்பில் நலிந்துகொண்டிருந்தார். அவர்கள் முறையிட்டனர். 2015இல் வெளியிலிருந்து வந்து ஆய்ந்த பேராசிரியர் பெங்ட் கெர்டின், ஆய்வு நெறி பிறழ்ந்துள்ளது என்றார். நிறுவனத் தலைவரோ அவ்வாண்டே மக்கியாரினி குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தார். முறையிட்டவர்கள்மீதே, நோயாளர் குறிப்புகளைப் பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது.

2016 ஜனவரியில் சுவீடன் தொலைக்காட்சி ஓர் ஆவணப்படத் தொடரை ஒளிபரப்பிய பின்னரே காட்சி மாறியது. தலைவர் பதவி விலகினார். மார்ச்சில் மக்கியாரினி நீக்கப்பட்டார். குணப்படுத்தவே முயன்றதாக அவர் வாதிட்டார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2008ஆம் ஆண்டுக் கட்டுரையை 'லான்செட்' திரும்பப் பெற்றதும் அதே ஆண்டில்தான். பதினைந்து ஆண்டுகள் அது சான்றாக நின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு இணையாக இன்னொரு நிகழ்வையும் வைத்துப் பார்க்கலாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுற்ற 62 பேரிடம், அமெரிக்க ஆய்வாளர்கள் மஜ்ஜைவழி அணுக்களைச் செலுத்திச் சோதித்தனர். 2013இல் வெளிவந்த முடிவு இதுதான்: தீங்கில்லை, ஆயினும் நுரையீரலின் ஆற்றல் மேம்படவில்லை. இதனை எந்த நாளிதழும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்காது. ஆயினும் மூச்சுத் திணறுகின்ற ஒருவர் நம்பத்தக்க சொல் அதுவே.

அறிவியலின் வரலாற்றை வெற்றிகளின் பட்டியலாகவே எழுதிப் பழகிவிட்டோம். 'இயலவில்லை' என்று உரைத்தவர்க்கும், 'பொய்' என்று சொல்லத் துணிந்த நால்வர்க்கும் அப்பட்டியலில் இடமில்லை. நுரையீரலை மீட்கும் கலை என்றேனும் கைகூடுமாயின், அது இவர்கள் காத்துத் தந்த குருத்திலிருந்தே தழைக்கும்.