கடலடிச் சேறும் ஒரு நிதித்துறை அதிகாரியும்

கடலில் சுமார் 550 மீட்டருக்குக் கீழே எந்த உயிரும் பிழைக்காது என்று எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1840-களில் சொன்னார். படித்தவர்கள் பலரும் வெகுகாலம் அதை நம்பினார்கள்.

1882, 83-ல் திராவையேர், தலிஸ்மான் என்ற பிரெஞ்சுக் கப்பல்கள் 5,000 மீட்டர் ஆழம் வரை சேறும் நீரும் அள்ளி வந்தன. (திராவையேர் என்றால் உழைப்பாளி. பொருத்தமான பெயர்தான்!) அவற்றைச் சோதித்தவர் அட்ரியன் செர்த். பேராசிரியர் அல்லர், நிதித்துறை இன்ஸ்பெக்டர். கோப்புகளோடு மல்லுக்கட்டிய என் போன்ற குமாஸ்தாவுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்து, கிருமி நீக்கிய குழாய்களில் இட்டு வளர்த்தார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா முளைத்தது. 1884-ல் பாரீஸ் விஞ்ஞான அகாதமிக்குத் தெரிவித்தார்.

ஆனால் அவை அங்கேயே வாழ்பவையா, மேலிருந்து விழுந்து செத்தும் சாகாமலும் கிடப்பவையா? பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்தப் பளுவிலும் கிருமிகள் தாங்குகின்றன என்று செர்த் சோதித்துக் காட்டினார். என்றாலும் சந்தேகம் தீரவில்லை.

1951-ல் டென்மார்க்கின் கலாத்தியா கப்பலில் போன அமெரிக்கர் ஸோபெல், பிலிப்பைன் அகழியில் 10,000 மீட்டருக்கும் கீழிருந்து எடுத்த சேற்றை 1,000 வளிமண்டல அழுத்தத்தில் இரும்புக் கலங்களில் அடைத்தார். வளர்ந்தது! சாதாரண அழுத்தத்தில் வைத்தால் வளர மறுத்த கிருமிகளும் அதில் இருந்தன. செர்த் சொல்லி அதற்குள் 67 வருஷம் ஓடிவிட்டது.