முப்பத்திரண்டு மெகாபைட் எல்லை

அணுசக்தித் துறையின் கீழ் 1967-இல் ஹைதராபாத்தில் ஸ்தாபிக்கப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், டி.டி.சி.-12 என்னும் கணினியை 1969-இல் நிர்மாணித்து இத்துறையில் அந்நகருக்கு ஆதி கௌரவத்தைத் தேடித் தந்ததெனினும், சாமானியரின் மேஜைக்குக் கணினி வந்து சேர்ந்தது, 1981-இல் பிறந்த டாஸ் என்னும் கட்டளைவரி இயங்குதளத்தின் காலத்திலேதான்.

வன்தட்டை அறியாமலே பிறந்த டாஸ் 1983-இல் அதனை ஏற்றுக்கொண்டது; ஆயினும், ஒவ்வொன்றும் 512 பைட் கொண்ட தட்டுத்துண்டுகளைப் பதினாறு பிட் எண்ணால் எண்ணியமையால், 65,536 துண்டுகளுக்கு மேல் அதனால் எண்ண இயலாது, வன்தட்டின் ஒரு பிரிவின் விஸ்தீரணம் 32 மெகாபைட்டில் நின்றுவிட்டது. 1988-இல் வெளியான நான்காம் பதிப்பு இத்தடையை நீக்கிற்று. ஆனால் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகளின் எண் பதினாறு பிட்டிலேயே நின்றபடியால், எல்லை 2 கிகாபைட் ஆயிற்று. எந்தக் கோப்பும் குறைந்தது ஒரு முழுத் தொகுதியைப் பிடித்துக்கொள்ளுமாதலால், அத்தகைய பெரும் பிரிவில் ஒரு வரிக் கடிதமும் 32 கிலோபைட்டை விழுங்கியது.

டாஸை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட் ஹைதராபாத்தில் தன் அபிவிருத்தி மையத்தை நிறுவிய 1998-இல், ஃபேட்32 என்னும் விசாலமான கோப்பு முறை விண்டோஸில் இடம்பெற்றுவிட்டது. செகந்தராபாத் செனாய் டிரேட் சென்டரின் கணினிக் கடைகளிலும் டாஸின் யுகம் அஸ்தமித்துக்கொண்டிருந்தது. எனினும் டாஸ் அழிந்துவிடவில்லை. டாஸுக்கு இணக்கமாக ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய ஃப்ரீடாஸ், ஃபேட்32 தட்டுகளையும் ஏற்று, எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் பதிப்பின் மூலநிரலையும் மைக்ரோசாஃப்டே 2024-இல் சுதந்திர உரிமத்துடன் வெளியிட்டமையால், ஒருகாலத்தில் விலைகொடுத்து வாங்கிய அத்தளத்தை இன்று எந்த மாணவனும் ஆராயலாம், திருத்தலாம்.