சிவப்பும் வெள்ளையும்: முள்ளங்கி இரண்டு, முறையும் இரண்டு

சாம்பாருக்கு வாங்கும் நீண்ட வெள்ளை முள்ளங்கியும், சாலட்டுக்கு வாங்கும் சிறிய உருண்டைச் சிவப்பு முள்ளங்கியும் ஒரே இனம்தான்; கடுகின் உறவு. ஆனாலும் வாங்குவது, வைப்பது, உண்பது மூன்றிலும் அவற்றின் போக்கு வேறு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பல வீடுகளில் முள்ளங்கிக்குக் கெட்ட பெயர்.

தேர்வு

சிவப்பு, விதைத்த 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வெள்ளைக்கு ரகத்தைப் பொறுத்து 45 முதல் 60 நாள். பறிக்கும் நாள் தள்ளிப்போனால் இரண்டுமே முற்றி, உள்ளே சக்கையாகிவிடும். சிவப்பில் இது வெகு விரைவில் நேரும். ஆகவே சிவப்பில் பெரியதைத் தேடாதீர்கள். பெரிய நெல்லிக்காய் அளவே போதும். விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. இலையோடு கட்டாக வந்தால் இலையின் பசுமையே அதன் புதுமைக்குச் சாட்சி.

வெள்ளையைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பருமனுக்கேற்ற கனம் இருந்தால் நீர் வற்றவில்லை என்று பொருள். தோல் வழவழப்பாக, வெடிப்பும் பக்க வேர்களும் இல்லாமல் இருக்கட்டும். நடுத்தரப் பருமனே நல்லது.

சேமிப்பு

இரண்டிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். இலையை விட்டுவைத்தால் அது கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் இலையை நறுக்கித் தனியே வையுங்கள். அடுத்த நாளே பொரியலோ கூட்டோ செய்துவிடலாம். சிவப்பு சிறியது, எளிதில் வதங்கும்; ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாட்களில் தீர்த்துவிடுவதே முறை. வதங்கியதைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் போட்டால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். வெள்ளையைக் கழுவாமல் உறையிலிட்டு, காய்கறித் தட்டில் வைத்தால் ஒன்றிரண்டு வாரம் தாங்கும்.

சுவை

நறுக்கும்போதும் கடிக்கும்போதும் திசு உடைந்து, தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் கலக்கின்றன. அப்போதுதான் காரம் பிறக்கிறது. அந்த நொதி சூட்டில் செயலிழந்துவிடும். அதனால்தான் வெள்ளை முள்ளங்கி வெந்ததும் காரம் அடங்கி இனிக்கிறது. புளியையும் பருப்பையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பச்சையாகத் துருவுவதானால் காம்புப் பக்கத்தை எடுங்கள். நுனியில்தான் காரம் அதிகம். உப்பிட்டுப் பிழிந்து தயிரில் கலந்தால் நல்ல பச்சடி. ஜப்பானியர் பச்சைத் துருவலைச் சுட்ட மீனுக்கும் டெம்புராவுக்கும் துணையாக வைக்கிறார்கள்.

சிவப்பின் அழகு முழுதும் தோலில் இருக்கிறது. அந்த நிறம் கொதிநீரில் கரைந்து போகும், மொறுமொறுப்பும் போய்விடும். பிரெஞ்சுக்காரர் அதை வெண்ணெயும் உப்பும் தொட்டுப் பச்சையாகவே உண்கிறார்கள். நாம் எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் தூவினால் போதும். தோல் சீவ வேண்டாம்.

முடிவு

குழம்புக்கும் வாரம் முழுவதற்கும் ஒரே காய் என்றால் வெள்ளைதான். பயனில் அதற்கே முதலிடம். பச்சையாக உண்ணும் இன்பத்தில் சிவப்பு முந்துகிறது. வெள்ளையை வாரத்துக்கு வாங்குங்கள், சிவப்பை அன்றைக்கு வாங்குங்கள். எதை வாங்கினாலும் கீரையைக் குப்பையில் போடாதீர்கள்.