சின்ன உடம்பில் பெரிய எஞ்சின்: பான்டியாக் ஜி.டி.ஓ. பிறந்த கதை

1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் ஓர் உத்தரவு போட்டது. நிறுவனத்தின் எந்தப் பிரிவும் இனி கார் பந்தயத்தில் இறங்கக் கூடாது. மற்ற பிரிவுகளைவிட பான்டியாக்குக்கு அது பலத்த அடி. வயதானவர்கள் ஓட்டும் வண்டி என்ற பெயரைத் துடைத்து, இளைஞர்களைத் தன் பக்கம் இழுக்க அந்தப் பிரிவு நம்பியிருந்தது பந்தய வெற்றிகளைத்தான். பந்தயம் போனால் வேகத்தை எங்கே காட்டுவது? ஊர்த்தெருவில் ஓடும் வண்டியிலேயே காட்டுவது என்று முடிவானது.

பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனுக்கு அப்போது 38 வயது. மிச்சிகன் மாநிலத்தின் மில்ஃபோர்டில் நிறுவனத்துக்குச் சொந்தமான சோதனைத் திடல் இருந்தது. சனிக்கிழமைகளில் பொறியாளர்கள் அங்கே கூடி, வரப்போகும் கார்களை ஓட்டியும் அடிப்பக்கம் ஆராய்ந்தும் பார்ப்பார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, நடுத்தர அளவுள்ள டெம்பஸ்ட் கார் லிஃப்டில் நின்றது. அதில் இருந்தது 326 கன அங்குல வி8 எஞ்சின். பெரிய கார்களுக்கான 389-ஐயும் இதே இடத்தில் உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார் பொறியாளர் பில் காலின்ஸ். பான்டியாக்கின் அந்த இரண்டு எஞ்சின்களுக்கும் வெளியளவு ஒன்றே. வித்தியாசம் சிலிண்டர் துளையின் அகலத்தில் மட்டும்தான். எஞ்சின் மவுன்டைக்கூட மாற்ற வேண்டாம். டிலோரியனும் எஞ்சின் நிபுணர் ரஸ் ஜீயும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். சீக்கிரமே 6.4 லிட்டர் எஞ்சினோடு ஒரு டெம்பஸ்ட் திடலில் ஓடியது.

ஆனால் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் போடக் கூடாது என்று நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. புதிய மாடல் என்றால் மேலிடத்தின் அனுமதி வேண்டும். இருக்கிற மாடலில் வாங்குபவர் விரும்பிக் கேட்கும் கூடுதல் வசதி என்றால் வேண்டாம். அந்த இடுக்கு வழியாகத்தான் ஜி.டி.ஓ. நுழைந்தது. 1964 மாடல் டெம்பஸ்ட் லெமான்ஸ் வாங்குகிறவர் சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் பெரிய எஞ்சின், விறைப்பான ஸ்பிரிங், இரட்டை சைலன்சர், ஹர்ஸ்ட் நிறுவனத்தின் கியர் லிவர், பானெட்டில் இரண்டு காற்றுத் துவார அலங்காரம் எல்லாம் சேர்ந்து வரும். சாதாரணமாக 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் வைத்த ‘ட்ரை பவர்’ கேட்டால் 348.

பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்தார்கள். பந்தயத்துக்காக ஃபெராரி உருவாக்கிய 250 ஜி.டி.ஓ.வின் பட்டத்தை டெட்ராய்ட்டின் ஒரு நடுத்தரக் காருக்குச் சூட்டியது பலருக்கு எரிச்சலைத் தந்தது. பான்டியாக் தலைவர் பீட் எஸ்டெஸ் பச்சைக்கொடி காட்டியபோது, 5,000 கார் விற்றால் போதும் என்பதுதான் கணக்கு. 1964 மாடல் ஆண்டில் விற்றவை 32,450. அவற்றில் மேற்கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள் 6,644. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறையின் மூத்தவர்கள் அப்போதுதான் வண்டி ஓட்டும் வயதுக்கு வந்திருந்தார்கள். நடுத்தர உடம்பு, பெரிய எஞ்சின், கைக்கு எட்டும் விலை என்ற சூத்திரத்தை மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. மசில் கார் என்ற இனம் பெருகியது இதற்குப் பிறகுதான்.

இந்த 6,644-இல் ஒன்று இன்று ஏதாவது கொட்டகையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? பெரும்பாலும் துருவேறி. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனி கரையச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது அடியிலிருந்து அரிக்கும். கன்வர்ட்டிபிளுக்கு மேலிருந்தும் ஆபத்து. துணிக்கூரை நைந்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கித் தரைத்தகட்டைத் தின்னும். டிக்கித் தரையும் பின்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள தகடும் அடுத்து போகும். மேலே பெயின்ட் பளபளக்க, கீழே தகடு அப்பளமாக நொறுங்கும் வண்டிகள் உண்டு. அதனால் தெரிந்தவர்கள் முதலில் சின்னச் சுத்தியலோடு அடியில் படுக்கிறார்கள். கெட்டித் தகடு கணீரென்று சொல்லும். துருத் தகடு பொத்தென்று அமுங்கும்.

இப்படிப்பட்ட வண்டியை மீட்கும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் தரைத்தகடு மாற்றுவதுதான். சாதாரணக் காரின் உடம்பைக் கூரையும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். கன்வர்ட்டிபிளுக்கு அந்தத் துணை கிடையாது. ஆகவே தொழிற்சாலையே இதன் சேசிஸ் சட்டத்தை, ஒருபக்கம் திறந்த வடிவில் விடாமல் நான்கு பக்கமும் மூடிய பெட்டியாகச் செய்தது. அப்படியிருந்தும் தரையை வெட்டி எடுத்தால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும்; பிறகு எவ்வளவு முட்டினாலும் கதவு மூடாது. எனவே வெட்டுவதற்கு முன் இரண்டு கதவு வாசல்களிலும் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு செய்து உடம்பைப் பூட்ட வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து எழுதி வைக்க வேண்டும். புதுத் தகட்டையும் ஒரே இழுப்பில் பற்றவைக்கக் கூடாது. சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு பொட்டு, எட்டத்தில் ஒரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு நடுவை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டுப் பட்டி பூசி மறைத்த வேலை சில மழைக்காலங்களில் பல்லைக் காட்டும். துருவை வெட்டி எறிய மனசில்லாதவர் இந்தக் காரைத் தொடாமலிருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

டிலோரியனும் காலின்ஸும் பிற்காலத்தில் சேர்ந்து உருவாக்கிய டி.எம்.சி.12 காரின் வெளித்தகடு துருப்பிடிக்காத எஃகு. ஜி.டி.ஓ. தகட்டோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

அடுத்து வருவது அடையாளச் சிக்கல். 1964-இலும் 65-இலும் ஜி.டி.ஓ. தனி மாடலாக இல்லாததால், வண்டி எண்ணைப் பார்த்தால் லெமான்ஸ் என்று மட்டும்தான் தெரியும். 1966-இல்தான் அதற்குத் தனி எண் வரிசை கிடைத்தது. பெயர்த்தகடு, பானெட், எஞ்சின் எல்லாவற்றையும் மாற்றி லெமான்ஸை ஜி.டி.ஓ.வாக விற்பது இதனால் எளிது. பான்டியாக்கின் பழைய விற்பனைப் பதிவேடுகளை வைத்திருக்கும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் வண்டி எண்ணைக் கொடுத்தால், தொழிற்சாலையிலிருந்து என்னென்ன வசதிகளோடு வெளிவந்தது என்ற நகல் கிடைக்கும். பணம் கொடுப்பதற்கு முன் அதை வாங்கிப் பார்க்காதவர் பேராசைக்காரரிடம் சிக்கிக்கொள்வார்.

மாற்றங்கள் செய்யலாமா என்ற சண்டை ஆர்வலர்களிடையே ஓயாது. தொழிற்சாலை விட்டபடியே இருக்க வேண்டும் என்பவர்களை மதிக்கிறேன். பழுதில்லாமல் தப்பிய சில வண்டிகளாவது அப்படியே நிற்க வேண்டும். ஆனால் இந்தக் கார் பிறந்ததே வேறொரு வண்டியின் எஞ்சினை மாற்றிப் போட்டதால்தான். ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் 1964 மார்ச்சில் ஜி.டி.ஓ.வைப் புகழ்ந்து தள்ளியதே, அந்தச் சோதனைக் காரில் இருந்தது 389 கூட அல்ல. அதைவிடப் பெரிய 421. விளம்பரப் பொறுப்பிலிருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து அதை ஒப்புக்கொண்டார்.

பிரேக்கை மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. எஞ்சினைப் பெரிதாக்கியவர்கள் நான்கு சக்கரங்களிலும் டெம்பஸ்டின் 9.5 அங்குல டிரம் பிரேக்கையே விட்டுவிட்டார்கள். வேகத்தில் ஓரிரு முறை மிதித்தால் சூடேறிப் பிடிப்பு தளரும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், நெடுஞ்சாலைக்கு ஏற்ற ஐந்து கியர் பெட்டி: ஓட்டுவதற்காக மீட்கும் வண்டிக்கு இவை மூன்றும் வேண்டும். சேசிஸில் புதிய துளை போடாமல், பழைய போல்ட் துளைகளிலேயே பொருந்தும்படி தேர்ந்தெடுத்தால் நல்லது. கழற்றிய டிரம்மையும் பழைய கியர் பெட்டியையும் எண்ணெய் பூசி, எதிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி வைத்துவிட வேண்டும். வண்டியை விற்கும் நாளில் அவையும் கூடவே போகட்டும்.