ஓநாயின் பொய்த்தாடி

எட்டு நிமிஷம் ஓடும் பொம்மைப் படம். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மறுபடி அதைப் பார்க்கும் வரையில்.

வால்ட் டிஸ்னியின் 'மூன்று பன்றிக் குட்டிகள்' 1933-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் வெளியாயிற்று. அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் நாலில் ஒருவருக்கு வேலையில்லாத காலம். மார்ச் மாதத்தில்தான் அந்நாட்டுப் பாங்குகள் எல்லாம் மூடித் திறந்திருந்தன. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வறுமையை 'வாசலில் நிற்கும் ஓநாய்' என்று சொல்வது வழக்கம். அந்த ஓநாய்க்கு யார் பயப்படப் போகிறார்கள் என்று கேட்கும் பாட்டை பிராங்க் சர்ச்சில் மெட்டமைத்திருந்தார். கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்கள் அதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். நாடு முழுவதும் அது பரவிற்று. அவர்கள் வீட்டு வாசலில் ஓநாய் நிஜமாகவே நின்றதல்லவா!

பழைய கதை இவ்வளவு சாதுவானதல்ல. ஜோசப் ஜேகப்ஸ் 1890-இல் வெளியிட்ட தொகுப்பில் முதல் இரண்டு குட்டிகளையும் ஓநாய் தின்றுவிடுகிறது. மூன்றாவது குட்டி ஓநாயை வேகவைத்துத் தின்றுவிடுகிறது. டிஸ்னியோ இரண்டையும் அண்ணன் வீட்டுக்கு ஓடவிட்டுக் காப்பாற்றிவிட்டார். கதையின் பல்லைப் பிடுங்கிவிட்டாரே என்று எனக்கும் முதலில் வருத்தந்தான். ஆனால் அந்தச் செங்கல் வீட்டுச் சுவரைக் கவனியுங்கள். 'அப்பா' என்று எழுதி ஒரு படம் மாட்டியிருக்கிறது. படத்தில் இருப்பது கோத்துத் தொங்கும் இறைச்சிக் குழல்கள்! தின்னப்படும் பயத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதையே உள்ளே சட்டம் போட்டும் மாட்டிவிட்டார்கள். குழந்தை அதைப் பார்க்காமல் போய்விடும். கூட்டிவந்த பெரியவர்தான் ஒரு கணம் திடுக்கிட்டுப் பிறகு சிரிப்பார்.

படத்தின் பெரிய பலம் வேறு. மூன்று குட்டிகளுக்கும் ஏறக்குறைய ஒரே முகம். புல்லாங்குழல்காரன், பிடில்காரன், கொத்தன் என்று உடுப்பும் கைப்பொருளும் வேறே தவிர உருவம் ஒன்றுதான். ஆனால் அசைவைப் பார்த்தாலே இவன் விளையாட்டுப் பிள்ளை, இவன் கருமமே கண்ணானவன் என்று சொல்லிவிடலாம். பிரெட் மூர் முதலிய சித்திரக்காரர்களின் கை செய்த வேலை அது. பின்னாளில் இதே துறையில் பெயர் பெற்ற சக் ஜோன்ஸ் இந்தப் படத்தைப் புகழ்ந்ததும் இதற்காகத்தான். நாவலாசிரியன் பத்துப் பக்கம் எழுதிச் செய்வதை ஒருவன் கோட்டினால் செய்துவிட்டால் பொறாமை வராமல் என்ன செய்யும்?

மூத்தவனின் உபதேசம் கொஞ்சம் அலுப்புத்தான். அதையும் மன்னித்துவிடலாம், கடைசியில் அவனே பியானோவைத் தட்டி, ஓநாய் வந்துவிட்டது என்று தம்பிகளைக் கட்டிலுக்கடியில் ஓடவைத்துச் சிரிக்கிறான்.

மன்னிக்க முடியாதது இன்னொன்று. ஆட்டுத்தோல் போர்த்து வந்து ஏமாறிய ஓநாய் அடுத்தபடியாக பிரஷ் விற்கும் யூத வியாபாரியாக வருகிறது. வளைந்த பொய்மூக்கு, தாடி, கண்ணாடி, யூதர் பேச்சைக் கேலி செய்யும் குரல். அமெரிக்க நாடக மேடைகளில் அடிபட்டுப் பழகிப்போன கேலி அது. படம் எடுத்தவர்கள் வஞ்சம் வைத்துச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே மே மாதம் 10-ஆம் தேதிதான் பெர்லினில் நாஜி மாணவர்கள் யூதர்கள் எழுதிய புத்தகங்களையும் சேர்த்துத் தீயில் போட்டார்கள். நடுவில் சில நாட்களே. மியூசிக் ஹாலில் சிரித்த குழந்தைக்குத் தான் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்திருக்காது.

படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. 1934, 1936, 1939 ஆகிய வருஷங்களில் தொடர்ச்சியாக வந்த மூன்று படங்களில் ஒன்றுகூட இதன் கிட்டே வரவில்லை. 1948-இல் இதை மறுபடி வெளியிட்டபோது அந்தக் காட்சியைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். அதற்குள் ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். புதிய காட்சியில் அந்த மூக்கும் தாடியும் இல்லை. ஓநாய் வெறும் பிரஷ் வியாபாரியாக வந்து கதவைத் தட்டுகிறது. குட்டி அடித்து விரட்டுகிறது. குழந்தைகள் முன்போலவே சிரிக்கிறார்கள்.